செல்லுக்காரர் கொடுத்த செல்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செல்லுக்காரர் என்றால்தான் தெரியும். கரையானைச் செல் என்றும் சொல்வார்கள் அல்லவா, அந்தச் செல். கதவு நிலையிலோ அலமாரியின் பின்பக்கத்திலோ பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டியிலோ செல் அரித்தால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். டிரில்லிங் மெஷினும் கைப்பம்பும் மருந்து டின்னுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். சுவர் ஓரமாகத் தரையில் வரிசையாக ஓட்டை போடுவார், ஒவ்வொன்றிலும் மருந்தை இறக்குவார், வெள்ளை சிமெண்டால் மூடுவார், போய்விடுவார். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு வேலைதான் செய்தார்.

அவரைக் கண்டால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் நிலையைத் தட்டிக்கொண்டே போவார். திடீரென்று ஓரிடத்தில் நின்று, "இதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. பெயிண்ட் மட்டும்தான் நின்னுட்டிருக்கு" என்பார். கட்டைவிரலால் அமுக்கினால் நிலை பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ளே போகும். இப்போதுதானே வீடு கட்டினோம், நல்ல மரமாகப் பார்த்துத்தானே போட்டோம் என்று அந்த வீட்டம்மா அழாத குறையாகச் சொல்வார். "செல்லுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்பார் இவர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தவர்தான். சமையலறை நிலைக்கு மருந்து அடித்துவிட்டுப் போனவர், சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி வந்தார். பிறகு இன்னொரு தடவை வந்தார். "நிலை நல்லாத்தானே இருக்கு, நீ எதுக்குப்பா நடையா நடக்குற?" என்று அப்பா கேட்டார். உள்ளே அக்கா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஒரு நிலையக் காப்பாத்திக் குடுத்துட்டு ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஒரே மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி வெளியூர் போனாள். அத்தான் அதே ஸ்கூட்டரில் அதே பம்போடு போய்வந்துகொண்டிருந்தார்.

நான் லோடு வேன் ஓட்டுகிறவன். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் நான்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். டாக்டர்கள் சொன்னதில் என் மண்டையில் ஏறியது எவ்வளவோ அவ்வளவுதான் இதில் இருக்கும்.

முதலில் அதைப் பார்த்தவர் முடி வெட்டுகிறவர். அத்தானின் இடது நெற்றிப் பொட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று, சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் மினுமினுவென்று இருந்தது.

"என்ன இது? போன தடவ இல்லியே" என்றார் அவர்.

"கொசு கடிச்சிருக்கும்."

"எந்தக் கொசு இந்த சைஸ்ல கடிக்குது? தொட்டா வலிக்குதா?"

"வலிக்கல."

"வலிக்கலேன்னாதான் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் நான் கத்தி வைக்க மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, துண்டை உதறி எழுப்பியும் விட்டார். வலது பக்கம் வெட்டி, இடது பக்கம் காடாக விட்ட தலையோடு அத்தான் வீட்டுக்கு வந்தார். "என்னங்க இது, பாதிக்குப் பாதியா?" என்று அக்கா கேட்க, விஷயம் வெளியே வந்தது. அந்தப் பாதி வெட்டின தலையோடு ஊரைச் சுற்ற முடியாதே, அதற்காகவே மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முடி வெட்டுகிறவர் கெட்டிக்காரர்.

கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். மெர்க்கெல் செல் புற்று என்றார் டாக்டர். தோலில் வருவது, மிகவும் அபூர்வம், வேகமாகப் பரவக்கூடியது, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "செல்லுங்கறீங்க, புத்துங்கறீங்க. ரெண்டும் என் தொழில்ல வர்றதுதான் டாக்டர். நான் இடிக்காத புத்தா? எனக்கு வேற ஏதாவது புதுசா சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காதான், "எங்க வந்து என்ன பேசுறீங்க" என்று அவர் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மருந்து அடித்து அடித்து வந்தது என்றார்கள். எத்தனை உயிரைக் கொன்றிருப்பான், சும்மா விடுமா என்றும் ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு அவர்தான் மருந்து அடித்தவர் என்பது வேறு விஷயம். டாக்டரிடம் நானே கேட்டேன். வெயில், வயசு, எல்லார் தோலிலும் சும்மா கிடக்கிற ஒரு வைரஸ், இதுதான் தெரிந்த காரணம், அவர் தொழிலைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெண் வார்டுக்கு வந்தது. ஒல்லியான பெண். மூக்கில் கண்ணாடி நிற்காது. சரியச் சரியப் புறங்கையால் தள்ளிவிட்டுக்கொள்ளும். எப்போதும் கையுறையோடு வேலை செய்து பழகிய பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் ஆராய்ச்சி லேபில் வேலை. அக்கா டீ வாங்கப் போயிருந்த நேரம்.

"ஐயா, உங்களுக்கு எடுக்கப்போற கட்டியில ஒரு துண்டு எங்களுக்குக் குடுப்பீங்களா? அதுல இருக்கிற செல்ல நாங்க லேப்ல வளர்க்கணும்."

"என்னம்மா, செல்ல வளர்க்கணுமா?"

"ஆமா ஐயா."

"நான் செல்லு கொல்றவன், நீ செல்லு வளர்க்கிறவ. நமக்குள்ள எப்படிம்மா ஒத்துப்போகும்?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. அவர் தொழிலை நான் சொன்ன பிறகு சிரித்தது. அப்புறம் பொறுமையாகச் சொன்னது. இந்த வியாதி வருகிற ஆட்கள் குறைவு. ஆள் குறைவாக இருந்தால் மருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஒவ்வொரு மருந்தையும் மனுஷன் மேல் போட்டுப் பார்க்க முடியாது. கட்டியிலிருந்து எடுத்த செல் உடம்புக்கு வெளியே பாட்டிலில் தன்னால் பெருகிப் பெருகி நிற்காமல் வளர ஆரம்பித்தால் அதற்குப் பேர் செல் லைன். அப்படி ஒன்று கையில் இருந்தால் எந்த மருந்தையும் அதன் மேல் போட்டுப் பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

"இவ்வளவுதானா? இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார் அத்தான். "புது மருந்து வந்தா கம்பெனிக்காரன் பேச்ச நம்பி நான் வாங்க மாட்டேன்மா. ஷெட்டுல ஒரு பாட்டில்ல ஈர மண்ணு போட்டுக் கொஞ்சம் செல்லு வச்சிருப்பேன். அதுல ஊத்திப் பார்ப்பேன். செத்த செல்லுல ஊத்தி என்ன தெரியும்?"

"அதேதான் ஐயா."

"ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன். பாட்டில்ல அது லேசுல பொழைக்காது. நாலு தடவ போட்டா ஒரு தடவதான் நிக்கும்."

"எங்களுக்கு அது கூட நிக்கல ஐயா" என்றது அந்தப் பெண்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் வெளியே போக, அக்கா டீயோடு உள்ளே வந்தாள்.

"யாரு அந்தப் பொண்ணு? என்ன வேணுமாம்?"

"செல் லைன் கேட்டுச்சு. குடுத்தேன்."

"உங்க லைன எதுக்குக் குடுத்தீங்க? என்னோடத குடுக்க வேண்டியதுதானே. நீங்க என்னிக்குப் போன எடுத்துப் பேசியிருக்கீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே சிரிப்பு. "விடு மாப்ளே" என்று கண்ணாலேயே சொன்னார். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நான் எதற்கு நுழைய வேண்டும்? டீயைக் குடித்தேன்.

நெற்றிப் பொட்டில் வெட்டி எடுத்து, தொடைத் தோலைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். அதற்கு நானும் அவரும் மட்டும்தான் போவோம். ஒவ்வொரு தடவை போகும்போதும் அத்தான் பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி, என்னாச்சு என்று கேட்பார். அந்தப் பெண் வெளியே வந்து சொல்லும்.

முதலில் எடுத்ததில் பூசணம் பிடித்துவிட்டது, கொட்டிவிட்டோம் என்றது. அதே கட்டியில் பாக்கி வைத்திருந்த துண்டை மறுபடி போட்டார்கள். வளருகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். பார்த்தால் வளர்ந்தது வேறு. அதில் ஒட்டிக்கொண்டு வந்த சாதாரணத் தோல் செல் பாட்டிலின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இவர்களுக்கு வேண்டியதை மூச்சுவிட விடாமல் அமுக்கிவிட்டது.

"என் உடம்புல இருந்தப்ப யாரையும் கேட்காம வளர்ந்துச்சு. இப்ப நீ ஊட்டி ஊட்டி விட்டும் வளர மாட்டேங்குதா?" என்றார் அத்தான்.

"ரொம்ப அடம் பிடிக்குது ஐயா."

"என் உடம்புல இருந்து வந்ததுதானே, அப்படித்தான் இருக்கும். வீட்ல கேட்டுப் பாரு, சொல்லுவா. பொழைச்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், ஆமா."

அந்தப் பெண்ணுக்கு லீவு நாள் கிடையாது. நாள் தவறாமல் அந்தப் பாட்டிலில் பழைய தண்ணீரை எடுத்துப் புதிது ஊற்ற வேண்டும். தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை, இளஞ்சிவப்பாக ஒன்று, சத்தெல்லாம் கலந்தது. உடம்புச் சூட்டில் ஒரு அலமாரி. அதில்தான் பாட்டில்கள் படுத்திருக்கும். கைக்குழந்தைக்காரி மாதிரி அந்தப் பெண்ணாலும் எங்கேயும் போய்த் தங்க முடியாது.

அப்புறம் அத்தானுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. அந்தச் சனியன் அங்கே இறங்கிவிட்டது. அதையும் எடுத்தார்கள். "இதுல ஒரு துண்டு அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க" என்று மயக்க ஊசி போடுகிறவரிடம் அவரே சொன்னார். கொடுத்தார்கள். ஆனால் அடுத்த ஸ்கேனில் ஈரலிலும் தெரிந்தது. இருக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நானும் அக்காவும் மகளும் பார்த்துக்கொண்டோம். வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள், வலி இல்லாமல்தான் போனார். போகிற வாரம்கூட, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை விரலால் தட்டி, "இந்தப் பக்கம் ஈரம் ஏறுது, பாரு மாப்ளே" என்றார். பார்த்தேன். ஈரம்தான்.

அக்கா அழுதாள், பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள். அவருடைய போனை மட்டும் அணைக்கவில்லை. மருந்து அடிக்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால், "அவர் இல்லைங்க, வேற ஆளப் பாருங்க" என்று அவளே சொல்வாள்.

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த போன் அடித்தது. அக்காவுக்கு எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான்.

"ஹலோ, ஐயா இருக்காங்களா? லேப்ல இருந்து பேசுறேன். ஐயாவோட செல் லைன் விஷயமா."

"சொல்லும்மா. இது அவர் செல்தான். இப்ப நான்தான் வச்சிருக்கேன்."

அந்தப் பெண்ணுக்குக் குழப்பம். "நீங்க வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா. கட்டாகாமப் பார்த்துக்கிறேன். அவர் போனப்புறமும் நிறுத்த மனசு வரல."

"போனப்புறம்னா... ஐயா எங்கம்மா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

அந்தப் பெண் என்னென்னவோ சொன்னது. தெரியாது, மன்னிச்சிடுங்க, யாரும் சொல்லல என்றது. "ஐயா கேட்டுட்டே இருப்பாரும்மா. பொழைச்சா தனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு. அதனாலதான் போன் பண்ணேன்."

"எது பொழைச்சா?"

நான் போனைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஐயா கழுத்துல இருந்து எடுத்த கட்டிம்மா. அதோட செல்லு. இங்க வளர்த்தோம்ல. இப்ப தன்னால பெருகுது. இனிமே அது சாகாது. லைனா நின்னுடுச்சு."

அக்கா போனைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றது. கை கழுவிவிட்டு வந்து நான்தான் அணைத்தேன்.

"அவர் செத்துட்டாரு" என்றாள் அக்கா. "அது சாகாதாமா?"

நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

"வண்டிய எடு. போய் ஊத்தச் சொல்லப் போறேன்."

வேனில் போகும்போது கேட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ போன் நம்பர்னு நினைச்சே. அத்தான் சிரிச்சாரு. நான் என்ன பண்ண?"

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லேபில் தலைமை டாக்டர் எங்களை உட்காரவைத்தார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "என் வீட்டுக்காரரக் கொன்னத நீங்க சோறு போட்டு வளர்க்கிறீங்க. எனக்கு அது வேண்டாம். கொட்டிடுங்க."

அவர் தர்க்கம் செய்யவில்லை. "அவர் போட்ட கையெழுத்து செல்லும்மா. ஆனாலும் குடும்பத்துக்கு இஷ்டமில்லேன்னா நாங்க வச்சுக்க மாட்டோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா இன்னிக்கே கொட்டிடுவோம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த வியாதிக்கு இங்க எத்தனையோ பேர்கிட்ட துண்டு வாங்கிட்டோம். நின்னது இது ஒண்ணுதான். இன்னொண்ணு எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

கண்ணாடி போட்ட அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நின்றது. கெஞ்சவில்லை. கண்ணாடி மூக்கு நுனிவரை சரிந்திருந்தது, தள்ளிவிடக்கூட இல்லை.

"கொட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றாள் அக்கா.

செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கு நீல உறை மாட்டி, மேலே ஒரு அங்கி போட்டு உள்ளே விட்டார்கள். ஸ்பிரிட் வாசனை. அலமாரியைத் திறந்ததும் முகத்தில் இளஞ்சூடு அடித்தது. தட்டையான ஒரு பாட்டிலை அந்தப் பெண் எடுத்து மைக்ராஸ்கோப் அடியில் வைத்தது. அக்கா குனிந்தாள்.

"என் கண்ணு முடிதான் தெரியுது."

"கொஞ்சம் பின்னால வாங்கம்மா. இப்ப?"

அக்கா ஆடாமல் நின்றாள். "மிதக்குதே. கொத்துக் கொத்தா."

"அதான்மா. இது தரையில ஒட்டாது. மிதந்துட்டேதான் வளரும்."

"இத்தனூண்டா? வாய்கூட இல்லியே இதுக்கு. இதுவா அந்த ஆள அப்படித் தின்னுச்சு?"

நானும் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். எனக்குக் கலங்கல் தண்ணீர்தான் தெரிந்தது.

அந்தப் பெண் இன்னொன்றை எடுத்தது. சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கிற ஒரு தட்டு. "அம்மா, இதையும் ஒரு தடவ பாருங்க. இந்த வரிசைக்கு ஒரு மருந்து போட்டிருக்கோம்."

அக்கா பார்த்தாள். "இதுல கொத்து இல்ல. தூளாக் கிடக்கு."

"செத்துப்போச்சும்மா."

அக்கா தலையைத் தூக்கவில்லை. தட்டை நகர்த்தச் சொன்னாள். அடுத்த குழியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். வரிசை முடிந்ததும் மறுபடி முதல் குழிக்குப் போகச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இந்த மருந்த ஏன் அவருக்குக் குடுக்கல?"

"இது மனுஷங்களுக்குக் குடுக்குற மருந்து இல்லம்மா இன்னும். நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லுதான்னு பார்க்கணும். பாட்டில்ல கேட்குறது உடம்புல கேட்காமலும் போகலாம். நிறைய தடவ அப்படித்தான் ஆகுது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப இது எதுக்கு?"

"இது இருந்தாத்தான் அடுத்தத போட்டுப் பார்க்க முடியும். அதுக்கு அடுத்தத."

"அப்ப இத தினமும் கொல்லுவீங்களா?"

"வளர்க்கிறதே அதுக்குத்தானம்மா."

அக்கா அங்கியின் கைப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பாட்டிலையே பார்த்தாள். தலைமை டாக்டர் வாசலில் வந்து நின்றார். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படியும் கொட்டத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்ன சொல்லை அவள் மாற்றியதே கிடையாது.

"நீ போன்ல என்ன சொன்னே? ஐயாவோட செல்லுன்னுதானே சொன்னே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஆமாம்மா."

"இனிமே அப்படிச் சொல்லாதே. இது அவரோடது இல்ல. அவரத் தின்னது. அவர் பேர இதுமேல ஒட்டக்கூடாது."

"ஒட்ட மாட்டோம்மா. பேரே இருக்காது. ஒரு நம்பர்தான்."

"நம்பரே போதும் இதுக்கு." மூச்சு வாங்கினாள். "வச்சுக்கோ. வளர்த்துக்கோ. வளர்த்து வளர்த்துக் கொல்லு."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டியது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வளருது வளருதுன்னு எனக்குப் போன் பண்ணாதே. அடியோட சாகடிக்கிற மருந்து என்னிக்குக் கிடைக்குதோ, அன்னிக்குக் கூப்பிடு."

"கூப்பிடறேன்மா."

அந்தப் பெண் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது.